எத்தனை ஆண்டு தாங்கும்? தங்கவயல் இளையோரும் இடுப்பு மூட்டு மாற்றும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட எவரும் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இது எத்தனை ஆண்டு தாங்கும்?" எழுபது வயதில் கேட்பவருக்கு விடை எளிது. அவருடைய எஞ்சிய வாழ்நாளுக்குப் பொருத்தப்படும் மூட்டு பெரும்பாலும் போதும். முப்பது வயதில் கேட்பவருக்கு அவ்வளவு எளிதில் விடை சொல்ல இயலாது. அவருக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்பும் நடையும் காத்திருக்கின்றன. அந்த நாற்பது ஆண்டுக் கணக்கை இந்தியாவில் யார் வைத்திருக்கிறார்கள் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கோலார் தங்கவயலில் இவ்வினாவுக்குத் தனிக் கனம் உண்டு. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், அவ்வூரின் பிழைப்பு இரயிலில் ஏறியது. மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் சாம்பியனிலும் விடியுமுன் புறப்படும் இளையோர் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூரு சென்று, கட்டுமானத்திலும் காவல் பணியிலும் கடைகளிலும் ஆலைகளிலும் உழைத்து, இரவு வீடு திரும்புகின்றனர். நிற்க இயலாதவருக்கு அந்த இரயிலிலும் இடமில்லை, அந்த வேலையிலும் இடமில்லை. ஒப்பந்தக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவரது இடுப்பு முடங்கினால் வீட்டின் வருவாயும் முடங்குகிறது. ஆகவே இங்கு மூட்டு மாற்று என்பது முதுமையின் வசதி பற்றிய பேச்சாக இருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தோடும் வீட்டு வாடகையோடும் சேர்ந்து வரும் பேச்சு அது.

மேலை நாடுகளில் இடுப்பு மூட்டு மாற்றப்படுவோரில் பெரும்பாலோர் முதுமையில் மூட்டுத் தேய்ந்தவர்கள். இந்திய நிலை வேறு. இங்கு முதன்மைக் காரணம், தொடை எலும்பின் தலைக்குக் குருதி செல்லாமல் எலும்பு மடிந்துபோகும் நோய். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஏவிஎன் என்பர். நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து, மிகுதியான மது, இடுப்பு முறிவு, அரிவாளணு இரத்தச் சோகை ஆகியவை இதன் அறியப்பட்ட காரணங்கள். காரணமே புலப்படாத நோயாளிகளும் உளர். கொரோனாத் தொற்றுக்கு ஸ்டீராய்டு பெற்ற, நாற்பது வயதுக்குட்பட்ட சிலருக்கு ஏவிஎன் கண்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். இதனுடன் முதுகெலும்பை இறுக்கும் வாதநோய், சிறுவயதில் வந்த மூட்டுக் காசநோயின் எச்சம், சாலை விபத்து ஆகியவற்றையும் சேர்த்தால், அறுவை மேசைக்கு வரும் இந்திய நோயாளி ஏன் இளையவராக இருக்கிறார் என்பது விளங்கும்.

இத்தகைய இளையவருக்கு இன்று கிடைக்கும் முறைகள் பல. ஒவ்வொன்றும் முந்தையதன் தோல்வியிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பயன்படுத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து அழிந்தன. தாம் பொருத்தியவற்றைத் தாமே திரும்ப எடுக்க நேர்ந்த அவர், 1962 நவம்பரில் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். சிறிய எஃகுத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் பதிக்கும் எலும்புச் சிமெண்ட் என்ற அந்த அமைப்பே இன்றைய அறுவையின் தாய். முதியோரிடம் அது சிறப்பாகத் தாங்கியது. இளையோரிடம் அதன் குறை வெளிப்பட்டது. ஓடியாடி உழைப்பவரின் இடுப்பு ஓராண்டில் பத்து இலட்சம் முறைக்கும் மேல் மடங்கி நிமிர்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை அதன்மேல் இறங்குகிறது. தேய்ந்து உதிரும் பாலிஎத்திலீன் துகள்களை உடலின் விழுங்கணுக்கள் பகையெனக் கருதித் தாக்குகின்றன. அத்தாக்குதலில் கரைவது சுற்றியுள்ள எலும்பு. எலும்பு கரைந்தால் மூட்டு ஆட்டம் காண்கிறது.

இதற்குத் தீர்வாக 1980களில் சிமெண்ட் இல்லாத முறை பரவியது. சொரசொரப்பான டைட்டானியப் பரப்பில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பிடிமானச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது, தேய்மானம் மட்டும் தொடர்ந்தது. 1990களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் அத்தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. மற்றொரு புறம், 1970இல் பிரான்சில் பியர் பூத்தான் தொடங்கிய செராமிக் மூட்டுகள் தலைமுறை தலைமுறையாகத் திருந்தின. அவை மிகக் குறைவாகத் தேய்கின்றன. அரிதாக உடைவதும், சிலரிடம் நடக்கும்போது கிறீச்சிடுவதும் அவற்றின் குறைகள்.

மூன்றாவது வழி, இளையோருக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட உலோக மூட்டு. தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாமல் அதன்மேல் உலோகத் தொப்பி அணிவிக்கும் மேற்பரப்பு மாற்று முறையை 1997இல் பர்மிங்காமில் டெரிக் மெக்மின் அறிமுகப்படுத்தினார். எலும்பு மிஞ்சும், பெரிய தலை என்பதால் எளிதில் நழுவாது, தரையில் சம்மணமிட்டு அமரலாம், விளையாடலாம் என்ற நம்பிக்கை அதனோடு வந்தது. சம்மணமும் குத்துக்காலும் அன்றாடமாக உள்ள நாட்டில் அந்நம்பிக்கை எவ்வளவு ஈர்ப்புடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை இவ்வறுவைக்கு அயல்நாட்டாரும் வந்து செல்லும் நகராயிற்று. பெரிய எலும்புடைய ஆண்களிடம் பர்மிங்காம் வடிவம் நன்றாகவே நிலைத்தது. பெண்களிடமும் சிறிய அளவுகளிலும் அது தவறியது. 2015இல் அதன் தயாரிப்பாளரே சிறிய அளவுகளைத் திரும்பப் பெற்றுப் பெண்களுக்குப் பயன்படுத்த வேண்டாமென அறிவித்தார்.

அதே அலையில் வந்த மற்றொன்று ஏஎஸ்ஆர். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. கிண்ணத்தின் விளிம்பில் தலை உரசியபோது கோபால்ட், குரோமியத் துகள்கள் குருதியிலும் சுற்றுத் தசையிலும் கலந்தன. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேட்டில் அதன் மறு அறுவை விகிதம் ஏனையவற்றைவிட உயர்ந்து தெரிந்தது. 2009 இறுதியில் அந்நாட்டுச் சந்தையிலிருந்தும், 2010 ஆகஸ்டில் உலகெங்கிலுமிருந்தும் அது திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

இந்தியாவில் 2006 முதல் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பயன்பட்டது. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்து பல ஆண்டுகள் கழித்தே, 2017இல், நடுவண் அரசு நிபுணர் குழு அமைத்தது. குழுவின் அறிக்கை வெளிவந்தபோது நாடறிந்த உண்மை இது: அந்த நோயாளிகளுள் 3,600க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடிக்க இயலவில்லை. அவர்கள் எங்கிருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா, குருதியில் எவ்வளவு கோபால்ட் ஏறியிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. அமெரிக்க நோயாளிகளுக்காக 2013இல் ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. இந்தியாவில் 2018 இறுதியில்தான் 30 இலட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கணக்கை அரசு வகுத்தது. அதன்மேலும் வழக்கு நடந்தது. 2019இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில், 67 பேருக்குத் தலா 25 இலட்சம் வழங்க நிறுவனம் முன்வந்தது. 4,700 எங்கே, 67 எங்கே!

ஏஎஸ்ஆர் பழுதை ஆஸ்திரேலியர் கண்டறிந்தது மருத்துவத் திறனால் மட்டும் என்று கொள்ள முடியாது. திறன் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. அவர்களிடம் பதிவேடு இருந்தது. சுவீடன் 1979 முதலும், இங்கிலாந்து 2003 முதலும், ஆஸ்திரேலியா 1999 முதலும் பொருத்தப்படும் மூட்டுகளின் கணக்கை நாடளாவி எழுதி வருகின்றன. யாருக்கு, எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தின் எந்த வகை பொருத்தப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பதே அக்கணக்கு. இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் 2006 முதல் நடத்தும் பதிவேடு பாராட்டத்தக்கது. எனினும் அது தன்னார்வத்தில் நிற்கிறது. விரும்பியவர் எழுதலாம், விரும்பாதவர் விடலாம்.

அயல்நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு இந்திய இளைஞரின் வினாவுக்கு விடை சொல்லலாமே என்று தோன்றலாம். ஓரளவு சொல்லலாம். ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டு தாங்குவதாகக் கணித்தது. ஆனால் அக்கணக்கில் உள்ளோர் பெரும்பாலும் முதியோர். பிரித்தானியத் தரவைக் கொண்டு 2017இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, எழுபது கடந்தபின் அறுவை செய்துகொண்டோரில் இருபதில் ஒருவருக்கே வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களிடம் அது மூவரில் ஒருவரை நெருங்குகிறது. முப்பதில் செய்துகொள்பவருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும் என எதிர்பார்ப்பதே நியாயம். 25 ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்டவை பழைய பாலிஎத்திலீன் மூட்டுகள் என்பதால், இன்றைய பொருள்கள் இதைவிட நன்றாகத் தாங்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமுண்டு.

ஆயினும் இவ்வெண்களில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. அச்சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவருவது தவறு. 'தாங்கியது' என்பதே அச்சொல். ஆய்வுரைகளில் ஒரு மூட்டு 'தாங்கியது' என்றால், அது மறு அறுவையால் அகற்றப்படவில்லை என்று பொருள். வலியின்றி நடந்தார் என்பதோ, வேலைக்குச் சென்றார் என்பதோ அதன் பொருளில் அடங்காது. மறு அறுவைக்கு அரசே செலவிடும் நாட்டில் இவ்வளவுகோல் பெரும்பாலும் பொருந்தும். ஆட்டம் கண்ட மூட்டு அங்கு மாற்றப்பட்டுவிடும், தோல்வியும் கணக்கில் ஏறிவிடும். மறு அறுவைக்குப் பணமின்றி, கைத்தடி ஊன்றி, வலி மாத்திரை விழுங்கி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டவரின் மூட்டோ இவ்வளவுகோலின்படி இன்னும் 'தாங்கிக்கொண்டிருக்கிறது'. வறுமை இங்கு வெற்றியாக எண்ணப்படுகிறது. சிகிச்சைக்குத் திரும்பி வராதவரும் அப்படியே. கணக்கியல் அவர்களை, வந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்று கொண்டு ஒதுக்கிவிடுகிறது. வராதவர் நலமாக இருப்பதால் வரவில்லையா, பேருந்துக் கட்டணம் இல்லாததால் வரவில்லையா என்று அக்கணக்குக்குத் தெரியாது.

தங்கவயல் நோயாளியை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவர் வேலூரில் அறுவை செய்துகொள்ளக்கூடும். கோலாரில் படமெடுக்கக்கூடும். குப்பத்திலோ பெங்களூரிலோ மறு அறுவைக்குப் போகக்கூடும். நாற்பது ஆண்டு வாழ்வில் ஒரே இடுப்பின் வரலாறு மூன்று மாநிலங்களில், நான்கு கோப்புகளில் சிதறிக் கிடக்கும். ஒரு மருத்துவமனை மட்டும் தன் நோயாளிகளை எவ்வளவு அக்கறையோடு பின்தொடர்ந்தாலும் இச்சிதறலைக் கூட்ட இயலாது.

மொழியும் இதில் ஒரு தடை. தமிழைப் பேச்சு மொழியாகக் கொண்ட தங்கவயல் குடும்பத்தின் கையில் தரப்படும் ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். வெளியேற்றச் சுருக்கம் எங்கும் ஆங்கிலம். உள்ளே பொருத்தப்பட்டது செராமிக்கா, உலோகமா, சிமெண்ட் இட்டதா, இடாததா என்பது அத்தாளில் ஒரு வரியாக, எழுத்துச் சுருக்கங்களாக நிற்கும். நோயாளிக்கு எஞ்சுவது 'பிளேட் வெச்சிருக்காங்க' என்ற ஒரு சொற்றொடர். இடுப்பு மாற்றியவரும் எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவரும் அதே சொல்லைச் சொல்வர். நாளை ஒரு வகை மூட்டு திரும்பப் பெறப்பட்டதாக நாளிதழில் செய்தி வந்தால், அது தம் உடலில் இருப்பதுதானா என்று அவரால் அறிய முடியாது. பெயரில்லாத பொருளைப் பற்றி முறையிடவும் முடியாது.

இத்தனைக்கும் கணக்கு வைப்பது தங்கவயலுக்குப் புதிதன்று. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தொழிலாளரை ஏற்றி இறக்கிய கூண்டின் எஃகுக் கயிறு முறையாகச் சோதிக்கப்பட வேண்டும், சோதனை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது சுரங்க விதி. கயிறு அறுந்தால் உயிர் போகும், ஆகவே கயிற்றுக்கு வரலாறு இருந்தது. கயிற்றில் தொங்கியவரின் நுரையீரலுக்கு அத்தகைய வரலாறு நெடுங்காலம் இருக்கவில்லை. 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோதுதான், அவர்களுள் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் இருப்பது தெரிந்தது. சுரங்கம் தொடங்கி அப்போது அறுபது ஆண்டு கடந்திருந்தது. மெல்ல விளையும் தீங்கை நெடுநாள் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவ்வூரைவிட நன்கறிந்த ஊர் குறைவு. பாட்டனைச் சுமந்த கயிற்றுக்கு இருந்த பதிவேடு, பேரனைச் சுமக்கும் மூட்டுக்கு இல்லை.

பதிவேட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களும் உண்டு. மருத்துவர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை மிகுதி என்பது ஒன்று. அது உண்மையே. ஆனால் வேலையின் பாதி முன்பே நடந்துவிடுகிறது. மூட்டுப் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டு, வரிசை எண்ணோடு நோயாளியின் கோப்பில் ஒட்டப்படுகிறது. கர்நாடகத்தின் ஆரோக்கியத் திட்டமும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இவ்வறுவைகளுக்குப் பணம் செலுத்துகின்றன. அந்த வரிசை எண் தேசியப் பதிவேட்டில் ஏறினாலன்றிப் பணம் விடுவிக்கப்படாது என்று ஒரு விதி செய்தால் போதும். மருத்துவக் கருவிகளின் தீங்கைக் கண்காணிக்க 2015இல் தொடங்கிய தேசியத் திட்டம், தீங்கு நேர்ந்த பின் வரும் முறையீட்டைக் கேட்பது. எத்தனை பேருக்குப் பொருத்தப்பட்டது என்ற கூட்டுத்தொகை தெரியாதபோது, எத்தனை பேர் முறையிட்டனர் என்ற எண்ணால் மட்டும் எதுவும் விளங்காது.

மற்றொரு வாதம், இளையோர் இவ்வறுவையை இயன்றவரை தள்ளிப்போட வேண்டும் என்பது. ஏவிஎன் தொடக்கத்திலேயே எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தால், எலும்பைத் துளைத்து அழுத்தம் குறைத்து மூட்டைக் காக்க முயலலாம். அந்த முயற்சிக்கு முன்னுரிமை வேண்டும். இடுப்பு வலியை மூட்டுப்பிடிப்பு என்று மாதக்கணக்கில் மாத்திரையால் அடக்குவது அந்த வாய்ப்பை வீணாக்குகிறது. எலும்புத் தலை சரிந்த பிறகும் 'ஐம்பது வரை பொறுத்திரு' என்பது வேறு. இருபது ஆண்டு நொண்டி நடந்து, வேலை இழந்து, மணவாழ்வு குலைந்து பெறும் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையும் எந்த ஆய்வின் அட்டவணையிலும் ஏறுவதில்லை.

எம்முறையைத் தெரிவது என்பது நோயாளியும் மருத்துவரும் எலும்பையும் வயதையும் தொழிலையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பொதுவில் ஒன்று சொல்லலாம்: அறுபதாண்டு வரலாறு இளையோருக்குக் கற்பிப்பது நிதானம். 'இளையோருக்கென்றே புதிதாக வந்தது' என்ற அடைமொழியோடு வந்த மூட்டுதான் அவர்களை மிகுதியாகக் கைவிட்டது. சிமெண்டில்லாத டைட்டானிய அடிப்பகுதி, செராமிக் தலை, குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் அல்லது செராமிக் உள்ளுறை என்ற கூட்டமைப்பு இருபது ஆண்டைக் கடந்த சான்று கொண்டது. அதைவிடப் புதியது எதுவாயினும், சான்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இவ்வுரிமை வெறும் சொல்லாக நில்லாதிருக்கச் செய்ய வேண்டியவை நான்கு. அரசுக் காப்பீட்டில் நடக்கும் ஒவ்வொரு மூட்டு மாற்றும் கட்டாயப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூட்டின் பெயர், வகை, வரிசை எண், பொருத்திய நாள் ஆகியவை கொண்ட அட்டை நோயாளிக்கு அவர் படிக்கும் மொழியில் தரப்பட வேண்டும். தங்கவயலில் அது தமிழாகவும் இருக்க வேண்டும். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் ஆண்டுக்கொரு முறை படமெடுத்து, நடக்க முடிகிறதா, தரையில் அமர முடிகிறதா, வேலைக்குச் செல்ல முடிகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். நான்காவது, மறு அறுவையின் செலவும் முதல் அறுவையைப் போலவே காப்பீட்டில் முழுமையாக அடங்க வேண்டும். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளின் விலைக்கு அரசு உச்சவரம்பு விதித்தபோது அந்த அறிவிப்பில் இடுப்பு இடம்பெறவில்லை. முதியவரின் முழங்காலுக்குக் கிடைத்த கவனம் இளையவரின் இடுப்புக்கும் கிடைக்க வேண்டும்.

முறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. பின்தொடரப்படும் நோயாளிக்கும் கைவிடப்படும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு குறையவில்லை. காலை இரயிலுக்கு நடைமேடையில் நிற்கும் இளைஞர் 'எத்தனை ஆண்டு தாங்கும்?' என்று கேட்கும்போது, இன்று அவருக்குச் சொல்லப்படுவது வேறொரு நாட்டு முதியவரின் கணக்கு. அவருடைய கணக்கை இன்று எழுதத் தொடங்கினால், அவர் தம்பிக்கோ மகளுக்கோ இதே அறுவை தேவைப்படும் நாளில் அவர்களுக்குச் சொல்ல உண்மையான ஒரு விடை இருக்கும்.